ஸ்கீ பூட்ஸ் எங்கே கடிக்கிறது? வலியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

முதல் இரண்டு சீசனும் நான் தப்பான பூட்ஸில்தான் பனியில் சறுக்கினேன், அதில் பெரும்பங்கு என் தவறு. டொராண்டோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், வாடகைக் கடை வரிசையில் நின்று, என் முறை வந்ததும் "கால் கொஞ்சம் அகலம், பெரிதாகவே கொடுங்கள்" என்று நானாகக் கேட்டு வாங்கியது 26.5 சைஸ். என் கால் நீளம் 24.3 சென்டிமீட்டர் என்பது எனக்கு அப்போது தெரியாது, கொடுத்தவரும் அளந்து பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து கழற்றினால் இரண்டு பெருவிரல் நகமும் கன்றிப்போயிருந்தன, கணைக்கால் எலும்பைத் தொட முடியவில்லை, பாதம் மரக்கட்டை மாதிரி கிடந்தது. பூட்ஸ் சின்னது போலிருக்கிறது என்று அடுத்த வாரம் 27.5 கேட்டு வாங்கினேன். அந்த நாள் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

ஸ்கீ பூட்ஸ் வலி இப்படித்தான் ஆளை ஏமாற்றும். பூட்ஸ் பெரிதாக இருந்தால் கால் உள்ளே ஓடும், ஓடாமலிருக்க பக்கிளை இறுக்குவோம், இறுக்கினால் புறங்கால் நசுங்கி ரத்த ஓட்டம் குறையும், அப்போதும் குதிகால் தூக்கிக்கொண்டுதான் இருக்கும், விரல் முன்னால் போய் மோதிக்கொண்டுதான் இருக்கும். கழற்றிப் பார்க்கும்போது எல்லாம் இறுக்கத்தால் வந்த காயம் மாதிரியே தெரியும். அதனால் கீழே எந்த வலியைத் தேடி வந்திருந்தாலும் சரி, முதலில் சாக்ஸ், அளவு, ஷெல் (வெளியே இருக்கும் பிளாஸ்டிக் கூடு), பக்கிள் என்ற இந்த நாலையும் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

சாக்ஸ். காலுக்கு ஒன்று, அதுவும் மெல்லியது, முழங்காலுக்குக் கீழ்வரை வருவது. குளிருமே என்று இரண்டு போடுவது நம் பழக்கம், அங்கேதான் பாதி வம்பு. இரண்டு சாக்ஸ் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளம் வரும், காலைச் சுற்றி ரத்தம் ஓட இடமில்லாமல் குளிர் இன்னும் கூடும். பூட்ஸுக்குள் சாக்ஸைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. எனக்கு ஒரு தடவை கணைக்காலில் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சிவப்புக் கோடு, அதில் சங்கிலி மாதிரி சின்னச் சின்னப் புள்ளி. உற்றுப் பார்த்தால் தெர்மல் பேன்ட்டின் தையல் அப்படியே அச்சு விழுந்திருக்கிறது. தெர்மல் பேன்ட் பூட்ஸின் மேல்விளிம்புக்கு மேலேயே நிற்க வேண்டும், முக்கால் நீளத்தில் விற்கிறார்கள், இல்லையென்றால் சுருட்டாமல் மேலே இழுத்துவிடுங்கள். ஸ்கீ பேன்ட்டின் உள்பக்கம் எலாஸ்டிக் வைத்துத் தைத்த இன்னொரு துணி தொங்குமே, அது பூட்ஸுக்கு வெளியே, மேலே மூடுவதற்கு. அதை உள்ளே திணித்துக்கொண்டு வலிக்கிறது என்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளவு. சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து, ஒரு தாளின் மேல் முழு எடையோடு நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு மில்லிமீட்டரில் அளங்கள். உட்கார்ந்து அளந்தால் குறைவாக வரும், நிற்கும்போது பாதம் நீளும், அகலும். 243 மில்லிமீட்டர் வந்தால் உங்கள் அளவு 24.5. ஸ்கீ பூட்ஸின் மாண்டோ அளவு என்பது இதுதான், பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். தெருவில் போடும் ஷூ நம்பரை மறந்துவிடுங்கள், ஏனென்றால் ஷூவை நாம் விரலுக்கு முன்னால் இடம் விட்டு வாங்குவோம், இங்கே அந்த இடம்தான் எதிரி. சாயங்காலம் அளப்பது நல்லது, நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளங்கள், வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம், பலருக்கும் இருப்பதுதான்.

ஷெல் சோதனை. உள்ளே இருக்கும் மெத்தென்ற லைனரை உருவி எடுத்துவிட்டு, சாக்ஸ் போட்ட காலை வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் விடுங்கள். விரல் நுனி முன்னால் லேசாகத் தொடும்வரை காலை முன்னே தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் என்றால் நம்மைப் போன்றவர்களுக்குச் சரி. ஒரு சென்டிமீட்டரை ஒட்டி வந்தால் அது நன்றாகத் தேறியவர்களுக்கும் பந்தயக்காரர்களுக்கும். இரண்டரையைத் தாண்டினால் பூட்ஸ் பெரிது, அவ்வளவுதான், வேறு வைத்தியம் கிடையாது. என் 26.5 பூட்ஸில் மூன்று விரலைச் சேர்த்து நுழைக்க முடிந்தது. கடையில் இதைச் செய்ய வெட்கப்படாதீர்கள், நல்ல கடைக்காரர் இதை அவரே முதலில் செய்வார். பெரும்பாலான நிறுவனங்களில் 24-க்கும் 24.5-க்கும் ஷெல் ஒன்றேதான், உள்ளங்காலுக்கு அடியில் இருக்கும் அட்டையோ லைனரோதான் மாறும், அதனால் "அரை சைஸ் கூட்டிப் பார்க்கிறேன்" என்பதில் பல சமயம் எதுவும் மாறாது.

பக்கிள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் விரல் பக்கமிருந்து மேலே பூட்டிக்கொண்டே போகிறார்கள். காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று தடவை தட்டி, குதிகால் அதன் குழியில் போய் உட்காரச் செய்யுங்கள். பூட்ஸின் முன்பக்கம் கணைக்காலை ஒட்டி நிற்கும் நாக்கு நடுவில் இருக்கிறதா, சாக்ஸில் மடிப்பு இல்லையா என்று ஒரு பார்வை. பிறகு கணுக்காலுக்கு மேலே இருக்கும் பக்கிளை முதலில் போட்டு, எழுந்து நின்று முழங்காலை முன்னால் மடக்கி நாலைந்து தடவை அமுக்குங்கள், குதிகால் பின்னால் போகும், அதே பக்கிள் இன்னும் ஒரு பல் உள்ளே வாங்கும். அப்புறம் மேல் பக்கிள், அதற்கும் மேலே இருக்கும் பட்டை. கீழே விரல் பக்கம் இருக்கும் இரண்டும் கடைசி, அவை திறந்துகொள்ளாத அளவுக்கு இருந்தால் போதும். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம், கீழே முறுக்கி மேலே தொளதொளவென்று விட்டுவிடுகிறோம். பக்கிளின் கம்பியைத் திருகினால் நீளும், குறுகும் என்பது எனக்கு மூன்றாவது வருஷம்தான் தெரிந்தது; ஒரு பல் தள்ளினால் தொளதொள, அடுத்த பல்லில் உயிர் போகிறது என்றால் அந்தத் திருகுதான் மருந்து.

விரல் முன்னால் முட்டுகிறது, நகம் கறுக்கிறது

நேராக நிமிர்ந்து நிற்கும்போது விரல் லைனரின் நுனியைத் தொட்டால் அது தவறில்லை, தொட வேண்டும். முழங்காலை மடக்கி, கணைக்காலால் நாக்கை முன்னால் அழுத்திப் பாருங்கள். விரல் பின்வாங்கி, அசைக்க இடம் கிடைத்தால் அளவு சரி. கடையில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றபடி "விரல் இடிக்கிறதே" என்று பெரிய சைஸுக்குத் தாவுவது இந்த இடத்தில்தான்.

மடக்கியும் முட்டினால் ஷெல் சோதனைக்குத் திரும்புங்கள். பின்னால் நிறைய இடம் இருக்கிறது, ஆனாலும் முட்டுகிறது என்றால் குதிகால் பிடியில்லாமல் கால் முன்னால் சறுக்குகிறது. கறுத்த நகம் பெரிய பூட்ஸின் அடையாளமாக இருப்பது நம்ப முடியாதது போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கால் அரை அங்குலம் ஓடிப்போய்ச் சுவரில் மோதுகிறது என்று யோசித்தால் புரியும். பின்னால் இடமே இல்லையென்றால் நிஜமாகவே சின்னது. அளவு சரி, ஒரே ஒரு விரல் மட்டும் இடிக்கிறது என்றால் அந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக்கை வெளியே தள்ளிக் கொடுப்பார்கள். எதற்கும் முதலில் நகத்தை வெட்டுங்கள், அதுவும் முந்தின நாளே.

குதிகால் தூக்குகிறது

இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசைவு எல்லோருக்கும் இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டாம். முன்னால் சாயும்போது குதிகால் கிளம்புவது நன்றாகவே தெரிகிறது என்றால் பக்கிள் வரிசையைச் சரிசெய்து பாருங்கள், அடுத்தது ஷெல் அளவு. இரண்டும் சரி, அப்போதும் தூக்குகிறது என்றால் உங்கள் குதிகாலும் கணுக்காலும் மெலிந்தவை. லைனரின் வெளிப்பக்கம், கணுக்கால் எலும்பைச் சுற்றி லாட வடிவத்தில் நுரைத் துண்டு ஒட்டித் தருவார்கள், சில நிமிஷ வேலை. உள்ளங்கால் வளைவைத் தாங்கும் அட்டை போட்டாலும் குதிகால் நிலைகொள்ளும். இன்னொன்று, கணுக்கால் முன்னால் அதிகம் மடங்காதவர்கள் நம்மில் உண்டு. குதிகால் தரையில் படியும்படி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள், பின்னால் சாய்கிறீர்களா? அப்படியென்றால் பூட்ஸுக்குள் கால் மடங்க இடம் தேடிக் குதிகாலைத் தூக்குகிறது. குதிகாலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் உயரத் துண்டு வைத்தால் தீரும். ஊரில் சின்ன வயதிலிருந்து குத்தவைத்து உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு என்பது என் தனிப்பட்ட எண்ணம், ஆய்வு எதுவும் கேட்காதீர்கள்.

கணைக்கால் எலும்பில் வலி

பனிச்சறுக்குக்காரர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். இரண்டாம் நாள் காலையில் பூட்ஸின் நாக்கு எலும்பில் பட்டாலே கண்ணில் நீர் வரும். வலிக்கிற இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டுவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறோம், காரணம் அங்கே இல்லை.

கணைக்கால் எப்போதும் நாக்கில் சாய்ந்தே இருந்தால் அழுத்தம் பரவலாக விழும், வலிக்காது. விலகி விலகி மோதினால்தான் வலி. விலகுவதற்குக் காரணம் மேல் பக்கிள் தளர்ந்திருப்பது, பட்டையைப் பேருக்கு ஒட்டியிருப்பது, பூட்ஸ் பெரிதாக இருப்பது, இல்லை நாமே பயத்தில் பின்னால் சாய்ந்து சறுக்குவது. கடைசிக் காரணத்தைப் பூட்ஸ் கடை தீர்க்காது. சரிவு செங்குத்தாகத் தெரிந்ததும் உடம்பு தானாகப் பின்னால் போகும், போனதும் கால் நாக்கிலிருந்து விலகும், அடுத்த மேட்டில் டங்கென்று வந்து மோதும். உங்களுக்கு எளிதான பச்சை வழியில் வலி இல்லை, செங்குத்தான கறுப்பு வழியில் மட்டும் வலிக்கிறது என்றால் பூட்ஸைக் குறை சொல்வதற்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.

வலி மேல்விளிம்பு ஓரத்தில் கோடு போட்ட மாதிரி இருந்தால் அது வேறு, அங்கே துணி மடிப்பையும் நாக்கு கோணலாக உட்கார்ந்திருப்பதையும் பாருங்கள். ஏற்கெனவே கன்றிப்போன எலும்புக்கு ஒரு நாள் ஓய்வும் ஐஸும் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பாதம் மரத்துப்போகிறது, எறும்பு ஊர்கிறது

முதலில் எப்போது மரக்கிறது என்று கவனியுங்கள். மலைமேல் ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டில் கால் தொங்கிக்கொண்டு போகும்போது மட்டும் என்றால் ஸ்கீயின் எடை பாதத்தைக் கீழே இழுத்து, புறங்காலை நாக்கில் அழுத்துகிறது. கால் வைக்கும் கம்பி இருந்தால் அதில் வையுங்கள், லிஃப்டில் ஏறியதும் கீழ்ப் பக்கிள் இரண்டையும் திறந்துவிடுங்கள், இறங்குவதற்கு முன் பூட்டிக்கொள்ளலாம். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

பூட்ஸ் போட்ட பத்து நிமிஷத்தில், நின்றுகொண்டிருக்கும்போதே மரக்கிறது என்றால் புறங்கால்தான் காரணம். பாதத்தின் மேடான பகுதியில் தோலுக்கு நேர் கீழே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன, சதைப் பாதுகாப்பே கிடையாது. கணுக்காலுக்குக் கீழே இருக்கும் பக்கிளை முழுக்கத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். உயிர் திரும்பி வந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். அந்தப் பக்கிளை மிகத் தளர்ந்த பல்லில் வைத்துக்கொண்டு மேல் பக்கிளால் காலைப் பிடித்து ஓட்டலாம். அப்போதும் போதவில்லை என்றால் உங்கள் பாத மேடு உயரம், ஷெல்லுக்குள் அடியில் இருக்கும் பலகையை உருவித் தேய்த்துக் கொடுத்தால் கால் சற்றுக் கீழே இறங்கி உட்காரும். இந்த ஒரு வேலைக்குப் பிறகு கண்ணில் ஒளி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மட்டும் மரத்தால் அகலம் போதவில்லை. பூட்ஸில் 98, 100, 102 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பது விரல்களுக்குக் கீழே பாதத்தின் அகலமான இடத்துக்கான அளவு. ஆனால் அது 26.5 சைஸில் எடுத்த கணக்கு. 24.5 வாங்கினால் அதே "100" என்று போட்ட பூட்ஸ் நிஜத்தில் அதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த காலுக்கு முன்பக்கம் விரிந்து, குதிகால் ஒல்லியாக இருப்பதுண்டு, என் காலும் அப்படித்தான். அதற்கு நீளத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்ட வேண்டும் என்பது தெரியாமல்தான் நான் இரண்டு சைஸ் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பூட்ஸ் கடிப்பது தெரியாமலே போகும், கொப்புளம் புண்ணாகும். வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள், மணிக்கு ஒருமுறை கழற்றிக் கண்ணால் பாருங்கள். யாருக்கானாலும் விரல் வெளுத்து மெழுகு மாதிரி ஆகிவிட்டால் அன்றைக்கு அத்தோடு போதும், உள்ளே போய்க் கழற்றி வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, நெருப்புப் பக்கம் காட்டக் கூடாது, உணர்ச்சி திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் சுரீரென்று குத்துகிறது

கணுக்காலின் உள்பக்க எலும்பு, அதற்குச் சற்று முன்னால் பாதத்தின் உள்பக்கம் துருத்தும் எலும்பு, சுண்டுவிரல் கீழே வெளிப்பக்க மேடு, குதிகாலுக்குப் பின்னால் புடைப்பு. இந்த நாலு இடத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், சரிசெய்ய எளிதானது இதுதான்: பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, அச்சு வைத்து அந்த இடத்தை மட்டும் வெளியே தள்ளுவார்கள், அல்லது உள்பக்கம் கொஞ்சம் தேய்த்து எடுப்பார்கள். வீட்டில் ஹேர் டிரையரை வைத்து முயலாதீர்கள், அதற்கு வேண்டிய சூடும் அச்சும் நம்மிடம் இல்லை.

இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதுதான் சிக்கல். "இங்கே எங்கோ" என்று கை காட்டினால் ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குழி தோண்டிவிடுவார்கள். உதட்டுச் சாயத்தை எலும்பின்மேல் தடவி, லைனர் இல்லாத ஷெல்லுக்குள் காலை விட்டு அழுத்தினால் உள்சுவரில் கறை படியும், அதுதான் பழைய முறை. என்னிடம் அன்றைக்கு உதட்டுச் சாயம் இல்லை, கைப்பையில் ஒட்டுப் பொட்டு அட்டைதான் இருந்தது. வலிக்கிற எலும்பின்மேல் சாக்ஸுக்கு வெளியே ஒரு பொட்டைப் பசைப் பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து, காலை மெல்ல உள்ளே விட்டு ஓங்கி ஒரு அழுத்து. வெளியே எடுத்தபோது மெரூன் பொட்டு ஷெல்லின் சுவரில் பளிச்சென்று ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் இருந்தவர் சிரித்துவிட்டு, அந்தப் பொட்டின் மேலேயே அச்சை வைத்தார்.

"போடப் போடச் சரியாகிவிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். தோல் செருப்புக்கு அது உண்மை, செருப்புக் கடி ஒரு வாரத்தில் போய்விடும். ஸ்கீ பூட்ஸும் ஒரு காலத்தில் தோல்தான், 1960-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து பாப் லேஞ்ச் பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்த பிறகுதான் எல்லாம் மாறியது. பிளாஸ்டிக் யாருக்காகவும் இளகாது. இளகுவது லைனர் மட்டும், அதுவும் சில மில்லிமீட்டர். அதனால் லைனர் பஞ்சு பரவலாக இறுக்கிப் பிடிப்பதைச் சில நாள் பொறுக்கலாம், எலும்பில் புள்ளியாகக் குத்துவதைப் பொறுக்கக் கூடாது.

உள்ளங்கால் பிடித்து இழுக்கிறது

காலையில் முதல் இரண்டு ஓட்டத்தில் வந்து, அப்புறம் குறைந்தால் நீங்கள் பயத்தில் விரலை மடக்கித் தரையைப் பிடிக்கிறீர்கள். விரலை விரித்து மூச்சு விடுங்கள். நாள் முழுக்க இருந்தால் பூட்ஸோடு வரும் தட்டையான அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வளைவைத் தாங்கும் அட்டை வாங்குங்கள். என்னைக் கேட்டால், பூட்ஸில் செலவழிக்கும் காசில் அதிகப் பலன் தருவது இந்த அட்டைதான். தட்டைப் பாதம் எடை விழுந்ததும் நீண்டு உள்பக்கம் சாயும், நீண்டால் விரல் முட்டும், சாய்ந்தால் உள்கணுக்கால் எலும்பு குத்தும். ஒரு அட்டை இந்த மூன்று புகாரையும் சேர்த்து முடித்துவைத்ததைக் கண்டிருக்கிறேன். வாடகை பூட்ஸ்காரர்களும், குல்மார்க், அவுலி என்று வருஷத்துக்கு ஒரு வாரம் போகிறவர்களும்கூடத் தங்கள் அட்டையையும் சாக்ஸையும் பெட்டியில் எடுத்துப்போகலாம், எடை ஒன்றும் இல்லை.

கெண்டைச்சதையில் பிடிப்பு

பெண்களுக்கு இது அதிகம், கெண்டைச்சதை சராசரியாகக் கீழே தாழ்ந்து ஆரம்பிப்பதால் பூட்ஸின் மேல்விளிம்பு அதற்குள் அமுங்கும். பெண்களுக்கான பூட்ஸில் மேல்பாகம் தாழ்வாக இருக்கும். உங்களிடம் இருப்பதில் முடிந்தவை: பின்பக்கம் ஸ்பாய்லர் என்று ஒரு துண்டு திருகியோ ஒட்டியோ இருந்தால் கழற்றிவிடுவது, மேல் பக்கிள் மாட்டும் ஏணிப்பட்டையைத் திருகைக் கழற்றி வெளியே நகர்த்திப் பொருத்துவது (நிறைய பூட்ஸில் அதற்கென்றே இன்னொரு ஓட்டை இருக்கும், யாரும் சொல்வதில்லை), குதிகாலுக்கு அடியில் சிறு உயரம் வைப்பது.

கால் சில்லிட்டுப்போகிறது

மரத்துப்போவதற்குச் சொன்னதை முதலில் பாருங்கள், இறுக்கம் இருந்தால் எந்த ஹீட்டர் சாக்ஸும் உதவாது. அப்புறம் ஈரம். நேற்று வியர்த்த லைனர் இன்று காயாமல் இருந்தால் காலை ஒன்பது மணிக்கே கதை முடிந்தது. இரவில் பூட்ஸை வண்டி டிக்கியில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள், அறைக்குள் கொண்டுவந்து லைனரைத் தளர்த்தி உலர வையுங்கள், கணப்புக்கு மிகப் பக்கத்தில் வேண்டாம். பூட்ஸ் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டி வருவது, சாப்பாட்டு அறையில் வியர்த்த காலோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது இரண்டும் அதே வகை. காலையில் போட்ட சாக்ஸை மதியம் மாற்றினால் எவ்வளவு வித்தியாசம் என்று செய்து பாருங்கள்.

தொடை எரிகிறது, முன்னால் மடங்கவே முடியவில்லை

சிரிக்காதீர்கள், முதலில் பின்பக்கம் இருக்கும் நடை நெம்புகோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நடக்கும் நிலையில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் சறுக்கிய என் வீட்டுக்காரர் தொடை வலியில் அன்று மாலை மாடிப்படி ஏறவில்லை.

அது சரியாக இருந்தால் அடுத்தது ஃப்ளெக்ஸ், அதாவது பூட்ஸின் விறைப்பு. 80, 100, 120 என்று பக்கத்தில் எழுதியிருக்கும். இது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் இல்லை, ஒருவரின் 100 இன்னொருவரின் 90 போல இருக்கும். தவிர, கடையின் கதகதப்பில் மடங்கிய பிளாஸ்டிக் வெளியே மைனஸ் பதினைந்தில் இறுகிவிடும், கடையில் "கொஞ்சம் இளக்கமோ" என்று தோன்றுவது மலையில் சரியாக இருக்கும். மடங்காத பூட்ஸில் உடம்பு பின்னால்தான் போகும், பின்னால் போன உடம்பைத் தொடைதான் தாங்கும், எரிச்சல் அங்கிருந்து வருகிறது. எடை குறைந்தவர்கள், புதிதாகக் கற்பவர்கள் நண்பரின் 120-ஐ இரவல் வாங்கிப் போடாதீர்கள், ஓசியில் வந்தாலும்.

குழந்தைகளுக்கு

"அடுத்த வருஷமும் போடட்டும்" என்று பள்ளிச் சீருடை மாதிரி இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். பிள்ளை திரும்ப முடியாமல் தவிக்கும், பயம் என்று நினைப்போம். சீசன் முழுக்க வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு, வளரும் காலுக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

போன வருஷம் சரியாக இருந்தது, இப்போது தொளதொள

லைனர் பஞ்சு அமுங்கிவிட்டது. இது நடந்தே தீரும், அதனால்தான் புதிதில் பூட்ஸ் கைகுலுக்கும் இறுக்கத்தில் இருக்க வேண்டும் என்பது. ஷெல் சரியான அளவென்றால் லைனரை மட்டும் மாற்றினால் போதும். ஷெல்லே பழையது, பத்துப் பதினைந்து வருஷம் பரணில் கிடந்தது என்றால் எடுத்துப் போடும் முன் நன்றாகப் பாருங்கள், பாலியூரித்தேன் பிளாஸ்டிக் காலப்போக்கில் ஈரம் பட்டுச் சிதைந்து, சறுக்கும்போதே துண்டாக உடையக்கூடியது.

புது பூட்ஸ் மாற்றியதும் ஸ்கீ கழன்றுகொள்கிறது, அல்லது கழலவே இல்லை

இது வலி இல்லைதான், ஆனால் பூட்ஸ் மாற்றிய யாரும் தவறவிடக் கூடாதது. பைண்டிங், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து, விழும்போது விடுவிக்கும் பூட்டு, உங்கள் பூட்ஸின் அடிப்பாக நீளத்துக்கு வைக்கப்பட்டது. குதிகால் பக்கம் ஷெல்லில் 285, 305 என்று மூன்று இலக்கம் பொறித்திருக்கும், அதுதான் அந்த நீளம், மில்லிமீட்டரில். பழைய பூட்ஸில் வேறு எண் இருந்தால் பைண்டிங்கை நகர்த்தி வைக்க வேண்டும், விடுபடும் இறுக்கத்தையும் உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் தரம், அடிப்பாக நீளம் எல்லாம் சேர்த்து மறுபடி கணக்கிட வேண்டும். நடக்க வசதியாக வளைந்த ரப்பர் அடியோடு வரும் கிரிப்வாக் பூட்ஸ் வாங்கினால் உங்கள் பைண்டிங்கிலும் கிரிப்வாக் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய தட்டை அடிக்கு மட்டும் செய்த பைண்டிங்கில் அது மாட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தாலும் விழும்போது விடுவிக்கும் என்று நம்ப முடியாது. கடைக்கு பூட்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல் ஸ்கீயையும் சேர்த்துக் கொண்டுபோய் இரண்டையும் ஒரே மேஜையில் வையுங்கள்.